காசிமாயன் மாஸ்டரின் இலை

காசிமாயன் சாப்பிட்டு எழுந்தால் இலையில் வைத்த சோறு குறையாது. வேலம்பாளையத்தில் இது முதலில் தெரியவந்தது நூல் விலை கண்டபடி ஏறிய வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு மத்தியானம். அவர் பிசைந்து பிசைந்து வாயில் போட்டதைப் பக்கத்து இலைக்காரர்கள் பார்த்தார்கள். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை பிசைந்ததையும் பார்த்தார்கள். அவருக்கு வயிறு நிறைந்து ஏப்பமும் வந்தது. ஆனால் கை கழுவிவிட்டுத் திரும்பியபோது சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. நடுவில் குழம்புக்குப் பறித்த பள்ளம்கூட இல்லை. அப்பளம் உடையாமல் ஓரத்தில் சாய்ந்து நின்றது.

அவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். கல்யாணமான புதிதில் மனைவி வெள்ளையம்மாளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்தவர், இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். அதற்கு முன் மெஸ் பழக்கம் அவருக்குக் கிடையாது. கம்பெனிக்கு இரண்டு சந்து தள்ளித்தான் வீடு. ஒரு மணி சங்கு ஊதினால் வீட்டுக்குப் போவார், வெள்ளையம்மாள் போடுவாள், சாப்பிட்டு வருவார். மகள் நதியாவுக்கு ஆவடியில் பிரசவம் ஆனதும் மூன்று மாதத்துக்கு என்று வெள்ளையம்மாள் பை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று மாதம் முடிந்ததும் நதியா வேலைக்குப் போக ஆரம்பித்தாள், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. பிறகு குழந்தை நடந்தது, பேசியது, பள்ளிக்கூடம் சேர்ந்தது, அதற்குள் இரண்டாவது குழந்தை பிறந்தது. யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை. சண்டையும் இல்லை. வெள்ளையம்மாள் அடுத்த மாதம் வருவதாக இருந்தாள், அவ்வளவுதான்.

முதலில் அவர் வீட்டில் குக்கர் வைத்துப் பார்த்தார். வீட்டில் தின்றால் சோறு ஒழுங்காகக் குறைந்தது. ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்ற சோறு தொண்டையில் நின்றது. அதனால் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடமாகப் பார்த்து, கம்பெனிக்கு எதிரே தமிழ்செல்வன் நடத்தும் மெஸ்ஸுக்குப் போனார். அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே நுழைந்ததும் வாங்க மாஸ்டர் என்று ஒருவர் சொல்ல வேண்டும். தினமும் உட்கார அதே இடம் வேண்டும். ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று மறுநாள் யாராவது கேட்க வேண்டும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. முதல் கரண்டி சோறு விழுந்ததும் இலைக்குக் குறுக்கே கையை நீட்டிப் போதும் என்பார். அவர் ஊரில் முதல் போதும் மரியாதைக்குச் சொல்வது. அதைக் காதில் வாங்காமல் இன்னொரு கரண்டி வைப்பதுதான் பரிமாறுகிறவர் பண்ண வேண்டியது. வெள்ளையம்மாள் முப்பது வருஷமாக அப்படித்தான் வைத்தாள். மெஸ்ஸில் பரிமாறுகிறவர்களுக்கு அதற்கு நேரமில்லை. ஒரு மணிக்கு ஊரே வந்து உட்காருகிறது. அவர் போதும் என்ற உடனே வாளி அடுத்த இலைக்குப் போய்விடும். ஆகவே அவர் இலையில் எப்போதும் ஒரு கரண்டிச் சோறுதான். அதுதான் குறையாமல் இருந்தது.

தமிழ்செல்வன் மரியாதைக்காரர். முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், சாப்பாடு புடிக்கலீங்களா?"

"நல்லா இருந்துச்சுங்க."

"நல்லா இருந்தா இலை இப்பிடி இருக்குமுங்களா?"

மறுநாள் கூடுதலாகக் கத்திரிக்காய்ப் பொரியல் வந்தது. அதற்கு அடுத்த நாள் முட்டை வந்தது. எல்லாம் இலையிலேயே இருந்தன. அந்த வாரம் முடியும்போது தமிழ்செல்வன் வாசல் வரை கூடவே வந்து, "அனுப்பர்பாளையம் ரோட்டுல ஒரு மெஸ் இருக்குதுங்க. கை பக்குவம் பிரமாதமுங்க. உங்க வாய்க்கு ஒத்துவருமுங்க" என்றார். இதைவிட மரியாதையாக ஒரு மனுஷனை வெளியே அனுப்ப முடியாது. காசிமாயன் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அதிலிருந்து அவர் ஒவ்வொரு மெஸ்ஸாகப் போனார். அரிசியும் பருப்பும் சாதம் போடுகிற மெஸ், கொள்ளு ரசத்துக்குப் பேர்போன மெஸ், வெள்ளிக்கிழமை மட்டும் பாயசம் ஊற்றுகிற மெஸ், செக்கிங் வேலைக்குப் போகும் பெண்கள் நடத்துகிற மெஸ் என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்தார். எல்லாவற்றிலும் நல்லா இருந்துச்சுங்க என்றார். எல்லாவற்றிலும் இலை அவரைப் பொய்யாக்கியது. கொங்குக்காரர்கள் நடத்தும் மெஸ்ஸில் வேறு மெஸ்ஸுக்கு வழி சொல்லி அனுப்பினார்கள். தெற்கத்திக்காரர்கள் நேராகவே பேசினார்கள். மீன் குழம்புக்கு நல்ல பேர் வாங்கியிருந்த ராஜபாண்டி, கல்லாவில் இருந்து எழுந்து வந்தான்.

"நம்மூர்க்காரரு, நீங்களே இப்படிப் பண்ணா எப்படிண்ணே? அங்கிட்டுப் போறவன் பாத்தா, என் குழம்பு ஊசிப்போச்சுன்னுல்ல நெனப்பான்."

"தின்னேன்ப்பா. சத்தியமாத் தின்னேன்."

"வாயத் தொடச்சிட்டுச் சொல்றீக. இலை என்ன சொல்லுது?"

ராஜபாண்டி இலையை எடுத்துக் கடைக்குப் பின்னால் வீசினான். அங்கே நின்ற மாடு இரண்டு வாயில் அதைக் காலி பண்ணியது. சிந்தியதைக் காக்கா கொத்தியது, தரை சுத்தமாகிவிட்டது. காசிமாயன் சந்தில் நின்று அதைப் பார்த்தார். மாடு தின்றால் குறைகிறது, காக்கா தின்றால் குறைகிறது, அவர் தின்றால் மட்டும்தான் குறைவதில்லை. அன்று கம்பெனிக்குத் திரும்பி, துணி அடுக்கி, அளவு வைத்து வெட்டினார். ஒரு பீஸ்கூடத் தப்பாகவில்லை.

ரயில்வே கேட் பக்கம் ஒரு பாட்னாக்காரர் ரொட்டிக்கடை வைத்திருந்தார். அங்கே இலை கிடையாது, தட்டுதான். அங்கேயும் இரண்டு ரொட்டி தின்ற பிறகு இரண்டு ரொட்டி இருந்தது. பாட்னாக்காரர் கோபப்படவில்லை, கை கூப்பினார். தட்டுக்குப் பூப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து லைன் வீடுகளில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து, காசிமாயன் மெல்லுவதை செல்போனில் பிடித்தார்கள். ஒரு அம்மா குழந்தையை அவர் காலில் போட்டாள். அவர் பாதி ரொட்டியோடு எழுந்து, குழந்தைமேல் கால் படாமல் மெதுவாக ஒதுங்கி வெளியே வந்தார். கும்பிடுகிற இடத்தில் சாப்பிட முடியாது என்பதை அவர் அன்று தெரிந்துகொண்டார். விரட்டினாலும் கும்பிட்டாலும் பக்கத்தில் யாரும் உட்காரப் போவதில்லை.

வெள்ளையம்மாள் தினமும் மத்தியானம் போன் பண்ணுவாள். சாப்டாச்சா என்பாள், ஆச்சு என்பார். எந்த மெஸ் என்பாள், ஒரு பேர் சொல்வார். ஒவ்வொரு தடவையும் வேறு பேராக இருந்தது.

"என்னங்க, ஒரு எடத்துல தங்க மாட்டீகளா? எலையப் படம் பிடிச்சு அனுப்புங்க, என்ன போடுறாகன்னு பாக்குறேன்."

அனுப்பினார். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"இது திங்கிறதுக்கு முந்தி எடுத்ததா?"

"தின்ன பெறகு எடுத்தது."

"நான் கெளம்பி வரவா?"

வா என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. சின்னது அங்கே இன்னும் பலமாக அழுதது. நதியா வேலையை விட வேண்டியிருக்கும், வீட்டுக் கடன் அவள் சம்பளத்தில் போகிறது.

"வேணாம். இங்க நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் படம் அனுப்பவில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. நூல் விலை இறங்கியது. ஆர்டர் இல்லாமல் பல கம்பெனி பூட்டியது, பிறகு திறந்தது, பிறகு அமெரிக்காக்காரன் வரி போட்டு மறுபடி பூட்டியது. காசிமாயன் போகாத மெஸ் குறைந்துகொண்டே வந்தது. புதிய மெஸ் தேடி அவர் மொபெட்டில் போகிற தூரம் கூடிக்கொண்டே போனது. சில நாள் போய்ச் சேருவதற்குள் சாப்பாட்டு இடைவேளை முடிந்து, வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். இனி இரண்டு மூன்று இடம்தான் பாக்கி, அதுவும் தீர்ந்தால் சுவரைப் பார்த்துத்தான் தின்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ராத்திரி படுத்தால் அதுதான் நினைப்பு.

சாயப்பட்டறைக்குப் பின் சந்தில் தெய்வாத்தாளின் மெஸ் இருந்தது. சேவூரில் இருந்து வந்த குடும்பம். வீட்டின் முன்னறையில் மூன்று மேஜை, போர்டு கிடையாது. தெய்வாத்தாள் கனத்த உடம்பு, மெதுவான நடை. அவளே வடித்து, அவளே பரிமாறுவாள். மருமகள் அன்புசெல்வி இலை எடுப்பாள். காசிமாயன் மூலையில் உட்கார்ந்தார். ஒரு கரண்டிக்குப் போதும் என்றார், சாப்பிட்டார், எழுந்தார். இலை நிறைய இருந்தது. அன்புசெல்வி அதைச் சுருட்டக் கை வைத்தாள்.

"அடியே, விடு. சாப்படாத இலைய எடுக்கறாளே" என்றாள் தெய்வாத்தாள்.

"அவரு எந்திரிச்சுட்டாருங்க அத்தை."

"எந்திரிச்சா என்ன? இலை நெறையக் கெடக்குது. உங்காத இலைய எடுத்தா ஊட்டுக்கு ஆகாது. கெடக்கட்டும்."

காசிமாயன் வழக்கம்போல, நல்லா இருந்துச்சுங்க என்று ஆரம்பித்தார். தெய்வாத்தாள் வேறு மெஸ்ஸுக்கு வழி சொல்லவில்லை. ஈ மொய்க்காமல் வலைக்கூடை ஒன்றை எடுத்து இலைமேல் கவிழ்த்துவிட்டு, அடுத்த மேஜைக்கு ரசம் ஊற்றப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் அந்தச் சந்து வழியாகக் கடைசியாகப் பாக்கியிருந்த ஒரு மெஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு தடவை இலை நிறைந்த இடத்தில் மறுபடி போய் உட்கார அவருக்கு முகமில்லாமல் போயிருந்தது. வாசலில் அரிசி கழுவிய தண்ணியைக் கொட்ட வந்த தெய்வாத்தாள் அவரைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க மாஸ்டரு, எங்க போறீங்க?"

அவர் வண்டியை நிறுத்தினார். சாப்பிட என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

"உங்க இலை அங்க கெடக்குது. அந்த எடத்துல ஒருத்தரையும் உக்காரவுடல. வாங்க, நேரமாச்சு."

அவர் கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் இறங்கினார். உள்ளே மூலை மேஜையில் கூடைக்குக் கீழே நேற்றைய சோறு சூடு ஆறாமல் ஆவி விட்டது. இலை வாடவில்லை. அன்புசெல்வி தண்ணீர் தெளித்தாள். அவர் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். தெய்வாத்தாள் சோற்று வாளியோடு வந்தாள்.

"இருக்குதுங்க அக்கா, போதும்" என்று அவர் கையை நீட்டினார்.

"என்ன போதும்? ஒரு கரண்டி எந்த மூலைக்குங்க?" என்று சொல்லி, அவர் கையை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, இருந்த சோற்றின் மேல் இன்னொரு கரண்டி வைத்தாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அன்றைக்கு இலை குறையும் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் அது நடக்கவில்லை. அவர் எழுந்தபோது இரண்டு கரண்டிச் சோறும் அப்படியே இருந்தது. தெய்வாத்தாள் கூடையைக் கவிழ்த்தாள். அவருக்கு அடுத்த நாளும் அதே இலை. அடுத்த நாளும் அவர் போதும் என்றார், அடுத்த நாளும் அவள் கேட்கவில்லை.

ஒரு கரண்டி வீதம் சோறு ஏறியது. மாரியம்மன் நோன்புக்குள் கூடை பற்றாமல் போய், கோழி அடைக்கிற பஞ்சாரத்தைக் கழுவிக் கவிழ்த்தார்கள். ஆடிக்குள் அதுவும் பற்றவில்லை, நனைத்துப் பிழிந்த பனியன் துணி மூட வேண்டியதாயிற்று. துணியைக் காசிமாயனே அளவெடுத்து வெட்டிக் கொண்டுவந்தார். மேஜை பாரம் தாங்காமல் கால் விரிந்தபோது இரும்புக் கால் வைத்தார்கள். மற்றவர்கள் பாதையைக் கொஞ்சம் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள். அவருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வராதபோது, அன்புசெல்வி கம்பெனி வாசலுக்கே வந்து வாட்ச்மேனிடம் எங்கே மாஸ்டர் என்று கேட்டாள். மாமியார் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாளாம்.

தைப்பொங்கலுக்கு வெள்ளையம்மாள் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மத்தியானம் மூன்று பேரும் மெஸ்ஸுக்குப் போனார்கள். அவள் அந்தச் சோற்றை அடியில் இருந்து நுனி வரை பார்த்தாள். என்ன அரிசி என்று தெய்வாத்தாளிடம் கேட்டாள். பொன்னிங்க என்றாள் தெய்வாத்தாள்.

"இவரு போதும்பாரு. கேக்காதீக."

"அதெங்கீங்க கேக்கறது. எப்பவும் அதேதான் சொல்லிட்டு இருக்கறாரு."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். வெள்ளையம்மாள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். பேரனின் இலையும் அவள் இலையும் காலியாயின. காசிமாயன் இலை குறையவில்லை. மூன்றாம் நாள் அவளை ரயில் ஏற்றிவிட்டு, வழியில் டீகூடக் குடிக்காமல், நேராகச் சாப்பிட வந்தார்.

இப்போது சோறு ஆள் உயரம் தாண்டிவிட்டது. உச்சிக்கு வைக்க தெய்வாத்தாள் முக்காலி போட்டு ஏறுகிறாள், முட்டிவலியோடு. மேலே சுற்றிய ஃபேனை இரண்டடி தள்ளி மாட்டியிருக்கிறார்கள், காற்று அந்தப் பக்கம் சரியாக வருவதில்லை. கம்பெனியில் புது ஆர்டருக்கு அளவு கேட்க யாராவது மத்தியானம் மாஸ்டரைத் தேடி வந்தால், சாப்பிடுகிறவர்கள் தலையைத் தூக்காமல், "அந்தச் சோத்துக்குப் பின்னால பாருங்க, இருப்பாரு" என்கிறார்கள். பார்த்தால், இருக்கிறார்.