யார் வழி வந்தது

சத்யப்பிரியா ரத்தம் கொடுக்கச் சம்மதித்ததே மாமியார் வாயை அடைக்கத்தான்.

மகள் வைஷாலிக்கு ஆறு வயது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். வீட்டிலுள்ள டப்பா மூடிகளை எல்லாம் எடுத்துச் சுவரோரம் வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். மதுரையில் ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மம்சாபுரத்திலிருக்கும் மாமியார் சுடலையம்மாளுக்கு ஒரே பேச்சுத்தான். “எங்க வம்சத்துல வாய் பேசாத பிள்ளைன்னு ஒண்ணு உண்டுமா? எல்லாம் அவ வழியில வந்தது.” சத்யப்பிரியாவின் தாய்மாமன் ஒருவருக்குத் திக்குவாய். கிழவிக்கு அது ஒன்றே போதுமானதாயிருந்தது.

புருஷன் லிங்கேஸ்வரன் லோடு வேன் ஓட்டுகிறவன். அம்மா பேசும்போது ஆமென்றும் சொல்லமாட்டான், இல்லையென்றும் சொல்லமாட்டான். செல்போனைத் தேய்த்துக்கொண்டிருப்பான். அந்த மௌனம்தான் அவளை அதிகம் அறுத்தது.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து ஒரு சிறப்புப் பள்ளியில் முகாம் போட்டார்கள். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குப் பேச்சு வருகிறது, சிலருக்கு ஏன் வருவதில்லை, அதற்கும் மரபணுவுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறார்களாம். அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் ரத்தம் கொடுக்க வேண்டும்.

“போவோம்டி. யாரு வழின்னு தெரிஞ்சுபோகும்ல” என்றான் லிங்கேஸ்வரன். அவளும் அதையேதான் நினைத்தாள்.

ரத்தம் எடுத்த பிறகு, ஆல்வின் என்ற இளைஞன் வைஷாலியைத் தனி அறையில் உட்காரவைத்துப் படங்களைக் காட்டினான். “இது என்ன? பேருந்து எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டு.” வைஷாலி வீட்டில் ஒருவரும் வாழ்நாளில் பேருந்து என்று சொன்னதில்லை.

“பஸ்னு கேட்டுப் பாருங்க சார், காட்டுவா” என்றாள் சத்யப்பிரியா.

“தாள்ல உள்ளபடிதாம்மா கேக்கணும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இருந்தாத்தான் கணக்கு சரியா வரும்.”

செத்த நேரத்தில் வைஷாலி காதைப் பொத்திக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தத் தொடங்கினாள். ஆல்வின் அதை ஒலிப்பதிவு செய்துகொண்டான். சத்யப்பிரியா பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்து அடக்கினாள். முடிவு எப்போது தெரியும் என்று அவள் கேட்டதற்கு, “வந்ததும் சொல்வோம்” என்றான். காட்டிய இடங்களில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒன்றரை வருடம் ஓடியது. ராஜபாளையத்தில் அவள் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற நேரமெல்லாம் அந்த முடிவைப் பற்றித்தான் யோசனை. இதற்கிடையில் லிங்கேஸ்வரன் மம்சாபுரத்தில் தங்குவது வாரத்தில் இரண்டு நாள் என்று ஆரம்பித்து, பிறகு அங்கேயே இருந்துவிட்டான். “ரிப்போர்ட் வரட்டும், பொறவு பாப்போம்” என்பான் போனில்.

ஒருவழியாக ஆராய்ச்சிக்காரர்கள் பெற்றோரையெல்லாம் மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூப்பிட்டார்கள். சத்யப்பிரியா மகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனாள். ஆல்வின் வேலையை விட்டுப் போய்விட்டானாம். அவன் இடத்தில் பியூலா என்றொரு பெண் வந்திருந்தாள். பெரிய டாக்டர் திரையில் படம் படமாகப் போட்டு விளக்கினார். ஒரு கட்டத்தில், “சில குழந்தைகளிடம் சொற்களே இல்லை. பொருளற்ற ஒலிகள் மட்டுமே உண்டு. ஓர் உதாரணம் கேளுங்கள்” என்று ஒரு பதிவை ஓடவிட்டார்.

“நீள்ளு, நீள்ளு, நீள்ளு.”

மகளின் குரல். சத்யப்பிரியா எழுந்துவிட்டாள்.

“சார், அது எம்மக. தண்ணி கேக்கா.”

ஹாலே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் அவள் உட்காரவில்லை. “நான் வேலைக்குப் போனா பக்கத்து வீட்டு ரத்தினம் அக்காதான் இவளப் பாத்துக்கிடுவாக. அவுக வீட்டுல தெலுங்கு. நீள்ளுன்னா தண்ணி. எம்பிள்ளைக்கு வந்த ஒரே வார்த்தை சார் அது. அன்னைக்கு அதத்தான் கேட்டா, நான் தண்ணி குடுத்தேன்.”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்ல தகவல்” என்றார். பியூலாவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொன்னார். “கட்டுரை ஏற்கெனவே ஆய்விதழுக்குப் போய்விட்டது. அடுத்த ஆய்வில் கவனிப்போம்.” அடுத்த படம் வந்தது.

கூட்டம் முடிந்ததும் பியூலாவே அவளைத் தேடி வந்தாள். முகம் வாடியிருந்தது. சத்யப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரத்தத்துல என்ன வந்துச்சு, அத மட்டும் சொல்லுங்கம்மா.”

“தனித்தனியா முடிவு சொல்றதில்லக்கா. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே அப்படித்தான் இருக்கு.” இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவள் குரலைத் தணித்தாள். “பாப்பாவோட ஒரு மரபணுவுல மாற்றம் இருக்கு. உங்ககிட்டயும் அது இல்ல, அவர்கிட்டயும் இல்ல. கரு உண்டாகும்போது தானா புதுசா விழுந்தது. யார் குத்தமும் இல்லக்கா. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க.”

சத்யப்பிரியா பொங்கிப் பொங்கி அழுதாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினாற்போலிருந்தது. அந்த வேகத்திலேயே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மம்சாபுரத்துக்கு பஸ் ஏறினாள்.

லிங்கேஸ்வரன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் சொல்லச் சொல்ல, குழாயை மூடிவிட்டுக் கேட்டான்.

“ரிப்போர்ட் எங்க?”

“தாள் தரமாட்டாங்களாம். வாயால சொன்னாக. உங்க வழியும் இல்ல, என் வழியும் இல்லங்க. ரெண்டு பேருகிட்டயும் அது கெடையாதாம்.”

அவன் வெகுநேரம் மகளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“எங்கிட்ட இல்லாதது எம்பிள்ளைக்கு எப்படி வரும்?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. வாசலில் வந்து நின்ற சுடலையம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. “அப்படிக் கேளுலே” என்றாள்.

சத்யப்பிரியா கை ஓங்கியதும், அவன் பிடித்துத் தள்ளியதும், தெருவே கூடியதும் பத்து நிமிடத்தில் முடிந்தன. மறுவாரத்துக்குள், டெஸ்ட்டில் அவன் ரத்தம் இல்லையென்று வந்துவிட்டதாம் என்று ஊர் பேசிற்று. அவள் சொல்லைக் கொண்டே அவளைக் கட்டிப்போட்டார்கள்.

அவள் பியூலாவுக்குப் போன் போட்டாள். “மூணு பேரு ரத்தத்தையும் பாத்தீங்கள்ல? அவரு பிள்ளைதான்னு அதுல இருக்குமே?”

“இருக்குக்கா. சந்தேகமே இல்ல. அத மொதல்ல சரிபார்த்துட்டுத்தான் மத்தது பாப்போம்.”

“அத மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“குடும்பப் பிரச்சினைக்கெல்லாம் தர அனுமதி கிடையாதுக்கா. மேல கேட்டுப் பாத்துட்டேன். நீங்க வக்கீல் வச்சு, கோர்ட்டு மூலமா வேற டெஸ்ட் கேளுங்க. அவரும் ரத்தம் குடுக்கணும்.”

“அவரு குடுக்கமாட்டாரு. இப்ப அவருக்கு என்ன தேவை?”

மூன்று மாதம் கழித்து, கட்டுரை வெளிவந்துவிட்டதென்று பியூலா போனில் சொன்னாள். கடைசிப் பத்தியைத் தமிழில் சொல்லியும் காட்டினாள். பொறுமையுடன் ஒத்துழைத்த குடும்பங்களுக்கு நன்றி என்றிருந்ததாம். சத்யப்பிரியா கம்பெனி வாசலில் நின்று அதைக் கேட்டாள். போனை வைத்துவிட்டு உள்ளே போய், தன் மேஜையில் குவிந்து கிடந்த துணியை மடிக்கத் தொடங்கினாள்.