மேஜை நடுவே ஒரு கிளை

வருஷக் கடைசி விடுமுறைக்கு எல்லோரும் அப்பா வீட்டில் சாப்பிடலாம் என்று மகன் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனான். தங்கையும் வருவாளாம். கணவனை விட்டு வந்த நாள் முதல் அவள் அண்ணன் வீட்டுக் கூடத்துச் சோபாவில்தான் படுக்கிறாள்.

அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று அவள் நினைத்தாள். எத்தனை முறை போன் செய்தாலும் அவர் எடுப்பதில்லை. எப்படி எடுப்பார்? தகரப் பட்டறையில் காலமெல்லாம் சுத்தியல் சத்தத்தில் நின்றவருக்குக் காது அடியோடு போய்விட்டது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே காலத்தை ஓட்டுகிறார். இது மனைவிக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அவள் இருந்தவரை, பிறர் பேசியதை அவர் பக்கம் திரும்பி ஒருமுறை சொல்லிவிடுவாள். அவளும் போன பிறகு மௌனம்தான். பட்டறையில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். செவிடன் என்பதற்கு அது தேவலை என்று இருந்துவிட்டார்.

மகள் இங்கேயே வந்துவிட வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அதுதான். ஆனால் வாய்விட்டுச் சொல்ல வராது. அதனால் மேஜைக்கு ஓர் அலங்காரம் செய்ய உட்கார்ந்தார்.

பால் பவுடர் டின் ஒன்றின் விளிம்பை, கையைக் கிழிக்காதபடி உள்ளே மடக்கித் தட்டினார். சுற்றிலும் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினார். தெருவில் மரம் வெட்டியவர்கள் விட்டுப்போன காய்ந்த கிளைகளில் வளைவு அழகாக இருந்தவற்றைப் பொறுக்கி, டின்னில் கூழாங்கற்களை நிரப்பி ஊன்றினார். சன்னலுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ட்டை நுனிகளில் தொட்டுவைத்தார். பழைய தகரத்தை இலை இலையாகக் கத்தரித்து நூலில் தொங்கவிட்டார். கிளைகளைக் குட்டையாக வெட்டத்தான் மனம் வரவில்லை.

"என்ன மாமா, மேஜையில காட்டையே வளத்துட்டீங்க?" என்றாள் சாப்பிட வந்த மருமகள். அவள் உதடு தெளிவாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டார்.

"காசு குடுத்தாலும் கடையில கிடைக்காதுப்பா" என்றான் மகன்.

மகள் ஒரு தகர இலையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கிளைகளுக்குப் பின்னால் அவள் நெற்றி தெரிந்தது, கை தெரிந்தது. வாய் தெரியவில்லை. நகர்த்தி வைக்கலாம். ஏன் என்று கேட்பார்களே. தலை குனிந்து சாப்பிட்டார்.

பாதிச் சாப்பாட்டில் மகளின் கை கரண்டிமேல் வந்து நின்றது. மகனும் மருமகளும் அவரைப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்கிறாள் போலிருக்கிறது.

"வேண்டாம்மா" என்று கையை வீசினார். "போதும். எனக்கு இதுக்குமேல தாங்காது."

கரண்டியிலிருந்து கை விலகியது. மருமகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மகனின் உதடுகள் மெதுவாக அசைந்தன. "என்னப்பா இது? பெத்த பொண்ணுகிட்ட இப்படியா சொல்லுவீங்க?"

எதிரே நெற்றி உயர்ந்தது. அவள் எழுந்துவிட்டாள்.

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். எதற்கு வேண்டாம் என்றோம்? எப்போதும்போல் லேசாகச் சிரித்துச் சமாளிக்கலாம். அதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிடுவாள். அப்புறம் போன்தான் அடிக்கும்.

எழுந்து இரண்டு கையாலும் டின்னைத் தூக்கினார். தட்டுகளின்மேல் இலைகள் உதிர்ந்தன. கொண்டுபோய்த் தரையில் வைத்தார்.

"நில்லும்மா" என்றார். சத்தமாகச் சொல்லிவிட்டோமோ என்று தெரியவில்லை. "எனக்குக் காது கேக்காது. கொஞ்சம்கூடக் கேக்காது. ரொம்ப வருஷமா. உன் வாயைப் பாத்தாத்தான் புரியும். சோறு போடவான்னு நீ கேக்கிறியோன்னு நெனச்சேன்."

மகள் அவரையே பார்த்தபடி நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்தாள்.

"நான் இங்கேயே இருந்துக்கட்டுமாப்பா?"

"இதையெல்லாமா கேப்பாங்க? உன் ரூமுலதான் என் தட்டுமுட்டுச் சாமான் கிடக்கு. சாப்பிட்டதும் எல்லாருமா எடுத்து வெளிய போட்டுடலாம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே ஏதோ சொல்லிக்கொண்டும் இருந்தாள்.

"கையை எடுத்துட்டுச் சொல்லும்மா" என்றார்.