நாற்பத்தொன்றாவது நிலையம்

அந்த வெள்ளக் கணிப்பு அலுவலகம் நம்பியிருந்தது ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய ஒரே ஒரு நிரலைத்தான். அதில் பாதியை எழுதியவர் அத்தான், மீதியை எழுதியவள் அவருடைய கொழுந்தியாள். அடுத்தடுத்த மேசை. மூன்று மாதம் முன்பு, வற்றிக் கிடந்த ஆற்றில் பத்தொன்பது அடித் தண்ணீர் ஓடுவதாக அந்த நிரல் கூசாமல் சொன்னது.

பிழையைத் தேடும் வேலை கொழுந்தியாளிடம் வந்தது. அங்கே அதற்கு ஒரே வழக்கம்தான்: பத்து வரிக்கு ஒருமுறை எண்ணைத் திரையில் அச்சிட்டுப் பார்ப்பது. அவளும் அச்சிட்டாள், அத்தானின் பகுதியில் மட்டும். தன் பகுதியில் ஒன்றுகூட இல்லை. நாம் எழுதியதில் தப்பு வருமா என்ற கொழுப்பு, வேறென்ன! ஆற்றின் சாய்வைச் சொல்லும் அத்தானின் சரிவு எண் கன்னாபின்னாவென்று வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக அறிக்கை கொடுத்தாள். தலைமைப் பொறியாளர் எல்லோர் முன்னாலும் அத்தானை நிரல் வேலையிலிருந்து எடுத்துப் பதிவேட்டு அறைக்கு அனுப்பினார். தன் வரிகளில் தப்பில்லை என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அவருடைய பகுதியை அவளே புதிதாக எழுதி முடித்தாள். ஓட்டினாள். மறுபடியும் பத்தொன்பது அடி.

நேரம் தின்னும் என்று எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்த வரம்புச் சோதனையை, அதாவது ஒதுக்கிய இடத்தை எந்த எண்ணாவது தாண்டுகிறதா என்று பார்ப்பதை, போட்டு நிரலை ஓட்டினாள். பதினோரு நிமிடத்தில் அது நின்று, இடத்தைக் காட்டியது. அவளுடைய பகுதி. இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.

நாற்பது அளவீட்டு நிலையங்களுக்கு இடம் ஒதுக்கிய பட்டியல் அது. இந்த வருடம் ஒரு நிலையம் கூடியது. நிலையங்களை ஒவ்வொன்றாகப் படிக்கும் சுற்றை அவள் நாற்பத்தொன்றாக்கினாள், பட்டியலை நீட்ட மறந்தாள். இடமில்லாத விருந்தாளி பக்கத்து அறைக் கட்டிலில் ஏறிப் படுத்த மாதிரி, கடைசி எண் போய், கணினியின் நினைவில் அடுத்து இருந்த அத்தானின் சரிவு எண்மேல் உட்கார்ந்துவிட்டது. பட்டியலை நீட்டினாள். ஆறு ஒழுங்காக வற்றியது. அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது.

தலைமைப் பொறியாளரிடம் போய்ச் சொன்னாள். சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போம்மா, பழசை ஏன் கிளறுகிறாய் என்றார் அவர்.

“அவரை எல்லார் முன்னாடியும்தான் அனுப்பினீங்க சார். எல்லார் முன்னாடியும் திரும்பக் கூப்பிடுங்க. தப்பு என்னுதுன்னு நானே சொல்றேன்.”

அவர் பெருமூச்சு விட்டு, காலையில் கூட்டம் போடுவதாக ஒப்புக்கொண்டார்.

பதிவேட்டு அறையில் அத்தான் கோப்புகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டாள். அவர் கையில் இருந்த கோப்புக்கு எண்ணை ஒட்டி முடித்தார்.

“கூட்டம் கிடக்கட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்க அக்காகிட்ட நீயே சொல்லு” என்றார். “என் தப்பில்லைன்னு நான் சொன்னப்ப, ‘அவ பார்க்காமயா சொல்லியிருப்பா’ன்னு கேட்டா. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கலை.”

அவளுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.