விடைப்பாட்டில் ஒரு பெயர்

அந்தால், தேனெஷின் தோளைப் பிடித்து மாட்டுக்கொட்டகை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். ஹங்கேரியர் கோயிலில் பாடுகிறவர் அவர். யார் செத்தாலும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று விடைப்பாட்டு பாடுவார். செத்தவரே பேசுவதுபோல, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விடைபெற வேண்டும். பாட்டில் பெயர் விட்டுப்போனால் உறவே விட்டுப்போனதாக ஊர் எடுத்துக்கொள்ளும்.

“சாமியார் வந்துட்டார். இப்பவாவது வாயைத் திற. உன் தங்கச்சியை எப்படிப் பாடறது? புருஷன் பேரோட சேர்த்துத்தானே பொண்ணைப் பாடுவோம். உங்கப்பா என்னதான் சொன்னாரு?”

“அவளைக் கூப்பிடு, அவனைக் கூப்பிடாதேன்னாரு, மாமா.”

“சத்தியம் வாங்கினாரா?”

“கையைப் பிடிச்சு வாங்கிட்டாரு.”

“செத்த பிறகும் மனுஷன் நம்மளை விடமாட்டேங்கிறாரே,” என்றார் அந்தால்.

அந்த ஊரில் ஹங்கேரியரும் செர்பியரும் ஸ்லோவாக்கியரும் தெருவுக்குத் தெரு கலந்து கிடந்தார்கள். செத்துப்போன தேனெஷின் அப்பா, கிழவர் கெலெமெனும் மாடு வாங்க, விற்க செர்பிய மொழிதான் பேசுவார். அந்த மொழியில் கெட்ட வார்த்தை அவருக்கு இன்னும் சரளமாக வரும். ஆனால் மருமகன் மட்டும் அந்த மொழியில் வந்துவிடக் கூடாது. செர்பிய அரசு ஊர்ப் பையன்களைச் சண்டைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போன அதே மாதத்தில், மகள் பிரோஷ்கா நகரத்துக்குப் போய் ஒரு செர்பியனைக் கட்டிக்கொண்டாள். அன்றோடு அவள் பெயரைச் சொல்வதை விட்டவர், சாகிற வாரத்தில் பாதி இறங்கி வந்தார். அந்தப் பாதிதான் இப்போது தேனெஷின் கழுத்தை நெரித்தது.

பிரோஷ்கா வாசற்கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. பக்கத்தில் அவள் கணவன் ரதோவன் மலர்வளையத்தோடு நின்றான். பஸ் ஓட்டுகிறவன், அன்று இறுக்கமான கறுப்புக் கோட்டில் வியர்த்துக்கொண்டிருந்தான். தேனெஷ் விஷயத்தைச் சொன்னான்.

“உன் பேரையாவது சொல்லச் சொன்னாரே, பிரோஷ்கா. அதுவே பெரிசு.”

“பாதிப் பிச்சை எனக்கு வேண்டாம்ணே. சொன்னா ரெண்டு பேரையும் சொல்லச் சொல்லு. என்னை மட்டும் சொன்னா, பாட்டு முடியறதுக்குள்ள நாங்க கிளம்பிடுவோம். அப்புறம் உன் சாவுக்கும் வரமாட்டேன்.”

“அப்பாவுக்கு சத்தியம் பண்ணியிருக்கேன்டி.”

“நானும்தான் பண்ணினேன். இவருக்கு.”

“அண்ணன் என்ன சொல்றார்?” என்று ரதோவன் செர்பிய மொழியில் கேட்டான். ஹங்கேரிய மொழியில் வணக்கத்துக்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

“பாட்டு ரொம்ப நீளமாம்,” என்றாள் பிரோஷ்கா.

முற்றத்தில் பெட்டியைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. அந்தால் தொடங்கினார். ‘என் மகன் தேனெஷே’ என்று குரல் எழுந்தபோது அப்பாவே கூப்பிடுவதுபோல் இருந்தது. அந்தப் பத்தி முடிந்தது. அடுத்த பத்தியின் முதல் சொல்லை மூச்சு உள்ளமட்டும் இழுத்துக்கொண்டே, அந்தால் கண்ணால் கேட்டார்.

தேனெஷுக்குப் பயமாக இருந்தது. அப்பாவின் பிடி இன்னும் மணிக்கட்டில் இருப்பதுபோல் உணர்ந்தான். வாசல் பக்கம் பார்த்தான். தங்கை கணவனின் கையைப் பற்றியிருந்தாள். போகத் தயாராக நின்றாள். இவளும் போய்விட்டால் எனக்குக் கூடப்பிறந்தவர் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தான். இரண்டு பெயரையும் சேர்த்தே பாடும்படி தலையை ஆட்டினான்.

‘பிரோஷ்கா என் மகளே, ரதோவன் உன் துணையோடு…’

கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடியது. யாரோ வேண்டுமென்றே இருமினார். அப்போதுதான் ஒருவரும் நினைக்காதது நடந்தது. அவ்வளவு பெரிய பாட்டில் ரதோவனுக்குப் புரிந்தவை இரண்டு பெயர்கள். ஒன்று மனைவியுடையது, இன்னொன்று தன்னுடையது. சபையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போகாமல் இருப்பது மரியாதையா? மலர்வளையத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கூட்டத்துக்குள் நடந்து வந்தான். ஆட்கள் திகைப்பில் விலகினார்கள். அந்தால் பாட்டை நிறுத்திவிட்டார்.

ரதோவன் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, தேனெஷிடம் மெதுவாகக் கேட்டான்: “கூப்பிட்டாங்களே. நான் என்ன செய்யணும்? தூக்கணுமா?”

பின்னால் ஒருவர் சிரிக்கப் பார்த்தார். தேனெஷ் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டார். இது வெறும் பாட்டு, உங்கள் இடத்துக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தேனெஷ் ஓர் அடி தள்ளி நின்று இடம் விட்டான்.

“ஒண்ணும் செய்ய வேணாம். அப்பா உங்ககிட்ட விடைபெறுறார்.”

“என்கிட்டயா?” ரதோவன் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டான். “என்ன சொன்னார்?”

பட்டாளத்தில் கற்ற கோணல்மாணல் செர்பிய மொழியில் தேனெஷ் சொற்களைத் தேடினான்.

“‘போயிட்டு வரேன், மாப்ளே’ன்னார்.”

ரதோவன் பெட்டியின் பக்கம் திரும்பினான். அதைப் பார்த்து, தன் மொழியிலேயே, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னான்: “சரிங்க. நல்லபடியா போயிட்டு வாங்க.”

அந்தால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளின் பத்தியைத் தொடங்கினார். முற்றத்து முசுக்கொட்டை மரத்தின் இலை ஒன்று பெட்டியின் மூடிமேல் உதிர்ந்தது. ரதோவன் அதை எடுத்தான். எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.