பாதி ஊசி

ஆம்புலன்ஸ் நிலையத்தின் மருந்து அலமாரிச் சாவி அண்ணியிடம் இருந்தது. கொழுந்தன் மூன்றாம் வண்டியில் டெக்னீஷியன், ஊசி போடுவது அவன் வேலை. வீட்டில் ஒரே அடுப்புதான். ஆனால் பத்து நாளாக அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவனைக் கவனித்தாள்.

வலிப்பு ஊசி விஷயம்தான் உதைத்தது. "பாதி போட்டேன், பாதியைக் கொட்டினேன்" என்று தினம் ஒரே பாட்டாக எழுதி வைத்தான். மற்ற வண்டிகளில் ஆளுக்கு முழுக் குப்பி போகிறது. இவனுடைய நோயாளிகள் மட்டும் பாதியிலேயே திருப்தி அடைந்துவிடுகிறார்களாம்! அந்த மருந்தை வாங்க வெளியே ஆள் அலைகிறது. சொந்தக்காரன் என்று விட்டால் இரண்டு பேர் வேலையும் போகும்.

"கொட்டினதை யாரு பார்த்தா?"

"டிரைவர் பார்த்தாரு, அண்ணி."

"அவர் உன் கூட்டாளி. பையைத் திற."

அவன் முகம் சுண்டிப்போனது. திறந்தான். ஒவ்வொரு குப்பியிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதியிருந்தான்: 'பத்து. பாதி மட்டும்.'

"பழைய மருந்து நின்னு மாத்து மருந்து வந்துச்சில்ல? அதே குப்பிதான். ஆனா பழசுல அஞ்சு மில்லிகிராம், இதுல பத்து. அன்னிக்கே சொன்னேன், அண்ணி. சாக்கு சொல்லாதேன்னு வாயை அடைச்சிட்டீங்க."

அவள் ஜன்னலோரம் போய்ப் பொடி எழுத்தைப் படித்தாள். பத்துதான். பழைய தட்டிலேயே புதுசை அடுக்கியது அவள் கைதான். வண்டியில் யாரும் மில்லிகிராம் பேசுவதில்லை, 'ஒண்ணு போடு' என்றால் ஒரு குப்பி. கணக்கு சரியாக இருந்தவர்களை அவள் கேள்வியே கேட்டதில்லை. வயர்லெஸ்ஸுக்கு ஓடினாள்.

"ரெண்டாம் வண்டி! வலிப்பு ஊசி போட்டீங்களா?"

"இப்பத்தான் அக்கா, ஒரு காலேஜ் பொண்ணுக்கு ஒண்ணு போட்டோம். அசந்து தூங்குறா."

கொழுந்தன் மைக்கைப் பிடுங்கினான். "தூக்கமில்ல! மூச்சைப் பாரு!"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. "ரொம்பக் கம்மியா இருக்கு..."

"மாஸ்க் வெச்சுக் காத்து குடு. நான் எண்ணுறேன், நிறுத்தாதே!"

எண்ணிக்கொண்டே மேஜைப் போனை அவள் பக்கம் தள்ளினான். "முதல் வண்டியும் ரோட்டுலதான் இருக்கு, அண்ணி. கூப்பிடுங்க."

எண்களை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இத்தனை நாளும் அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய வண்டி அது.