ராகுலனுக்குக் குளிராது

குளிர் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அது ஜாக்கெட் விற்கிறவர்கள் கட்டிவிட்ட கதை. செப்டம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஒன்ராறியோ ஏரியில் ஆடிக்கொண்டிருந்த படகொன்றில், ராகுலன் இதைப் பிரகடனம் செய்தான். ஸ்காபரோவில் பிறந்து, இதுவரை வந்த எல்லாப் பனிக்காலங்களையும் ஹீற்றருக்குப் பக்கத்தில் கழித்த அனுபவம் அந்தக் குரலில் இருந்தது.

படகுக்கு நேர் கீழே, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் நிலக்கரி ஏற்றிப்போய் மூழ்கிய பாய்க்கப்பல் ஒன்று கிடந்தது. ஏரியின் குளிர் அதை உக்கவிடாமல் வைத்திருந்தது. கப்பலைத் திருப்புகிற பெரிய மரச் சில்லுகூட அப்படியே நிற்கிறதாம்.

அந்தச் சில்லைப் பார்க்கத்தான் அன்ரனெற் அன்ரி வந்திருந்தார். பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பாளராக வேலை; நாற்பத்தெட்டு வயதில் நீச்சல் பழகி, அதோடு நிற்காமல் தண்ணீருக்கடியில் சுழியோடவும் பழகியவர். முன்பு இரண்டு தடவை புறப்பட்டும் காற்று எழும்பிப் படகு பாதியில் திரும்பிவிட்டது. இந்த வருடத்துக்கு இதுதான் கடைசிப் பயணம். தண்ணீருக்குள் ஒருவரும் தனியாக இறங்கக்கூடாது, சோடியாகத்தான் இறங்கவேண்டும் என்பது சட்டம். எல்லோரும் சோடி சேர்ந்த பிறகு அன்ரிக்கு மிஞ்சியது ராகுலன்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அன்ரி. நான் இருக்கிறன்."

அன்ரி பெரிய பிளாஸ்க் ஒன்றைத் திறந்து, தன் ரப்பர் உடுப்பின் கழுத்துக்குள்ளே இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். முதலில் இது நிரம்பிவிட்டால் ஏரித் தண்ணீர் உள்ளே அவ்வளவாகப் புகாது.

"தம்பி, கழுத்தைக் காட்டும். உமக்கும் கொஞ்சம் ஊத்திவிடுறன்."

"நான் என்ன பிள்ளைப்பெத்துப் படுத்திருக்கிறனே அன்ரி, சுடுதண்ணி வாக்கிறதுக்கு? வேப்பிலை போட்டு அவிச்சதோ?"

படகே சிரித்தது. படகுக்காரர் சீமோன் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளைப்பெத்தவை தாங்குவினம் தம்பி. உம்மை நினைக்கத்தான் எனக்கு யோசனை."

குளிர் இல்லையென்ற செய்தியை ஏரிக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. தண்ணீர் ராகுலனின் பிடரியால் நுழைந்து, முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சிலும் நின்று நலம் விசாரித்துக்கொண்டு இறங்கியது. நெற்றிக்குள் யாரோ ஐஸ்பழத்தை வைத்துத் தேய்த்தார்கள். நங்கூரக் கயிற்றைப் பிடித்துப் பாதித் தூரம் போனபோது, கீழே கறுப்பாகக் கப்பலின் முதுகு தெரிந்தது. அன்ரி சந்தோஷமாக அதைச் சுட்டிக் காட்டினார். ராகுலன் கட்டைவிரலை மேலே நீட்டினான். தண்ணீருக்குள் அதற்கு 'மேலே போவோம்' என்று அர்த்தம்.

அன்ரி ஒருமுறை கீழே பார்த்தார். பிறகு அவனோடு மேலே வந்தார்.

"என்ன, ஏலாமப் போச்சுதோ?" என்றார் சீமோன் அண்ணை.

"சேச்சே. நான் சூப்பர் எண்டெல்லே காட்டினனான். அன்ரிதான் பிழையா விளங்கிட்டா."

பல் கிட்டிக்கொண்டிருந்ததால் இந்த வசனம் நான்கைந்து தவணைகளில் வெளியே வந்தது. கை அடையாளப் பரீட்சையில் முழுப் புள்ளி எடுத்தவன் அவன். ஆனாலும் குளிர் தாங்காதவன் என்பதைவிட மடையன் என்பது அந்த நேரம் கௌரவமாகப் பட்டது.

"அப்பிடியே? சொறி தம்பி," என்றார் அன்ரி. "எனக்கு விளங்கேல்லை."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அதுதான் ராகுலனுக்குக் கரைச்சலாக இருந்தது.

மற்றவர்கள் ஏறி வந்து, சில்லு, சில்லு என்று அதையே கதைத்தார்கள். ஒரு மணித்தியால ஓய்வுக்குப் பிறகு சீமோன் அண்ணை எழும்பினார். "இதுதான் கடைசி இறக்கம். ஆர் ஆர் போறியள்?"

எல்லோரும் கை உயர்த்தினார்கள். மூன்று துவாய்களுக்குள் இருந்த ராகுலனுக்குக் கை இருக்கிற இடம் தெரியவில்லை. "அன்ரிக்குக் களைப்பா இருக்கும்," என்றான்.

அன்ரி அவனுடைய நீலம்பாரித்த உதட்டைப் பார்த்தார். "ஓம் அண்ணை, நாங்கள் இருக்கிறம். வாற வருசம் என்ர முழங்கால் என்ன சொல்லுதெண்டு பாப்பம்."

தன் முகக்கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே காய்ந்திருந்ததை இன்னொருமுறையும் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடினார்.

மற்றச் சோடிகள் ஒவ்வொன்றாகக் குதித்தன. ராகுலன் முதலாவது துவாயைக் கழற்றினான். இரண்டாவதைக் கழற்றக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மூன்றாவதையும் போட்டுவிட்டு, அன்ரிக்கு முன்னால் போய், அவருக்கு முதுகு காட்டிக் குந்தினான். இரண்டு விரலால் ரப்பர் உடுப்பின் கழுத்தை இழுத்துப் பிடித்தான்.

அன்ரி முதலில் பெட்டியைத் திறந்து கண்ணாடியை வெளியே எடுத்தார். பிறகுதான் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார்.

"காணுமே தம்பி?"

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ," என்றான் ராகுலன், சீமோன் அண்ணைக்குக் கேட்காத குரலில்.