பயிர் தெரிகிறபடி ஒரு படம்

ஸ்கூட்டியை நிறுத்திய வேளாண் அலுவலர் வர்ஷினி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே அந்த வளைவை அண்ணாந்து பார்த்தாள். இரண்டு சிமெண்ட் காளைகள் முட்டிக்கொண்டு நிற்க, நடுவில் தங்க எழுத்தில் 'ராஜம் ஃபார்ம்ஸ்'. கீழே பச்சைத் துண்டு போர்த்தி, பழத்தட்டோடு புருஷோத்தமன். வளைவுக்குப் பெயர் கொடுத்ததைத் தவிர வேறு குற்றம் எதுவும் செய்யாத அவர் மனைவி ராஜம், ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

லாலாகுடா ரயில்வே பணிமனையில் கிளார்க்காக ஓய்வு பெற்றதும் புருஷோத்தமன் ஹைதராபாத்துக்கு வெளியே இந்த ஒன்றரை ஏக்கரை வாங்கியிருந்தார். விலை ஏறும் என்றுதான் வாங்கினார். ஆனால் விவசாயிகளுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை ஒருநாள் அவர் கணக்கிலும் வந்து விழுந்ததும் ஆளே மாறிவிட்டார். பென்ஷனுக்குப் பக்கத்தில் அது சின்னத் தொகைதான். ஆனால் பென்ஷன் அவரை ஓய்வு பெற்ற கிளார்க் என்றது; இது விவசாயி என்றது. கல்யாணப் பந்திகளில் பக்கத்து இலைக்காரரிடம் மழை கைவிட்டதைப் பற்றிப் பேசினார். காலை நடைக்குப் போகிற பார்க்கில் உர விலைக்காக வருந்தினார். மகள் வீட்டுக் கத்தரிக்காய்க் கூட்டை முகர்ந்து பார்த்து, மண் சரியில்லை என்று சொன்னதாகவும் ராஜம் சொல்வாள்.

இந்த முறை பயிர் இருக்கும் நிலத்துக்கு மட்டும்தான் பணம், நேரில் வந்து பார்ப்பார்கள் என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அதிகாரி வருகிற இடம் லட்சணமாக இருக்க வேண்டாமா? பக்கத்து நிலத்து யாதையா வருஷா வருஷம் இந்த ஒன்றரை ஏக்கரில் துவரை போட்டு, பாதியை இவர்களுக்குத் தருவார். இடுப்பளவு வளர்ந்து நின்ற அந்தத் துவரை, புருஷோத்தமன் கண்ணுக்குப் புதர் மாதிரி இருந்தது. யாதையா கேட்ட பணத்தைக் கொடுத்து எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார். சிமெண்ட் நடைபாதை வந்தது. குரோட்டன்ஸ் வந்தது. இருபுறமும் அலங்காரப் பனைகள் அணிவகுத்தன.

வர்ஷினி தெலுங்கில் தன்மையாகத்தான் பேசினாள். பயிர் தெரிகிறபடி ஒரு படம் வேண்டும், எங்கே நிற்கட்டும் என்று கேட்டாள். புருஷோத்தமன் பனைகளைக் காட்டினார். பிறகு, கொஞ்சம் குரல் இறங்கி, குரோட்டன்ஸை. அவள் போனை இப்படியும் அப்படியும் திருப்பினாள். எப்படித் திருப்பினாலும் படத்தில் காளைகள்தான் விழுந்தன. பண்ணை வீடு என்றுதான் எழுத முடியும் அங்கிள், இந்த முறை பட்டியலில் பெயர் வராது என்றாள். ஏதாவது விதைத்துவிட்டுக் கூப்பிட்டால் மறுபடி வருவதாகச் சொல்லி, மரியாதைக்கு ஒரு வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

புருஷோத்தமன் துண்டை எடுத்து நாலாக மடித்தார். கார் வரைக்கும் நடந்தார். கதவைத் திறக்கவில்லை.

"இனிமே பார்க்குல நான் யாருன்னு சொல்றது, ராஜம்?"

அவர் விவசாயத்தைக் கிண்டல் செய்தே பொழுது போக்கியவள் அவள். இதற்கும் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டாள்.

"அதெல்லாம் நக்கோ, விடுங்க. அந்தக் கடப்பாரைய எடுத்துனு வாங்க."

மேஸ்திரி விட்டுப்போன கடப்பாரை. முதல் பனையின் அடியில் அவர் ஓங்கிப் போட்டது கல்லில் வழுக்கிச் செருப்போரம் குத்தி நின்றது.

"கால்ல போட்டுக்கப் போறீங்க. மேல நீங்க புடிங்க, கீழ நான் புடிக்கிறேன்."

இரண்டு பேருமாகத் தூக்கிப் போட்டார்கள். ஒரு கொட்டாங்குச்சி அளவு மண் பெயர்ந்தது. பின்னால், திறந்து கிடந்த கேட் வழியாக யாதையாவின் ஆடு ஒன்று நடைபாதையில் டக்கு டக்கென்று நடந்து வந்து, குரோட்டன்ஸை வரிசையின் முதல் செடியிலிருந்து மேயத் தொடங்கியது. ராஜம் பார்த்தாள். விரட்டவில்லை.

"தூக்குங்க," என்றாள்.